கிழிந்த தாளுக்குப் பதிலாக ஓர் அடி

அடுத்த மாதம் முதல் நீங்கள் ஆறு பேரும் தனித்தனியாக வகுப்பு எடுக்கப் போகிறீர்கள். குத்துவதும் உதைப்பதும் உங்களுக்கு என்னைவிட நன்றாக வரும். என் முழங்கால்கள் எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டன. அதனால் அதைப் பற்றியெல்லாம் நான் எழுத வரவில்லை. வகுப்பில் முப்பது பேர் உட்கார்ந்து உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, உங்களுக்குத் தெரியாத ஒன்றை ஒருவர் கேட்பார். அந்த நேரத்தில் என்ன செய்யக் கூடாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அதை நான் செய்திருக்கிறேன். அதனால் கெட்டுப்போனது என் பெயர் மட்டும் என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

நான் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் கராத்தே வகுப்பு தொடங்கியது 1991-இல். பகலில் சான்டா கிளாராவில் வேலை. சர்க்யூட் போர்டுகளைச் சோதித்து, எது எங்கே கெட்டிருக்கிறது என்று அறிக்கை எழுதும் உத்தியோகம். செவ்வாய், வியாழன் மாலைகளில் சமூகக் கூடம் ஒன்றில் வகுப்பு. வந்தவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள்தான். மவுரி அவென்யூ மளிகைக் கடையில் ஒட்டிய ஒரு நோட்டீஸ், பிறகு வாய்வழியாகப் போன சேதி, அவ்வளவுதான் விளம்பரம். நான் ஈரோட்டில் படித்துக் கறுப்பு பெல்ட் வாங்கியவன். "ஒரிஜினல் ஒகினாவா ஸ்டைல்" என்று நோட்டீஸில் போட்டிருந்தேன். ஒகினாவா ஜப்பானுக்குத் தெற்கே உள்ள தீவு, கராத்தே பிறந்த இடம் என்ற அளவுக்குத்தான் அப்போது எனக்கும் தெரியும்.

மல்லிகா முதலில் தன் மகளைச் சேர்க்கத்தான் வந்தார். அம்பத்தூர்க்காரர், இங்கே ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை. மகள் இரண்டு மாதத்தில் "போர்" என்று நின்றுவிட்டாள். ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா மூன்றாம் மாதம் தானே வெள்ளை உடுப்பு வாங்கிக்கொண்டு வந்து நின்றார். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கால் தலைக்கு மேலே போகாது, வேகமும் கிடையாது. ஆனால் ஒரு அசைவைச் சொல்லிக் கொடுத்தால் அடுத்த வகுப்பில் அது அவர் உடம்பில் இருக்கும். ஆறு வருடத்தில் அவர் வராத நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அவர் கறுப்பு பெல்ட் தேர்வுக்குத் தயாரானபோது கூடத்துக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் பதினோரு பேர், பெண்களுக்கென்று தனி வகுப்பு வேண்டும் என்று அவரைக் கேட்டிருந்தார்கள். கூடத்தின் விதிப்படி வகுப்பு எடுப்பவருக்குக் கறுப்பு பெல்ட் இருக்க வேண்டும். "இந்த ஊருக்கு வந்தப்புறம் எல்லாமே யாருக்காவது பின்னாடி ஓடி ஓடிப் பண்ணதுதான் மாஸ்டர். எனக்குன்னு ஆரம்பிச்சு நானே முடிக்கப் போறது இது ஒண்ணுதான்" என்று ஒருநாள் சொன்னார். மல்லிகா அதிகம் பேசுபவர் அல்ல, அதனால் அது எனக்கு நினைவில் இருக்கிறது.

இனி அந்தக் கட்டா விஷயம். எதிரில் ஆள் இருப்பதாக நினைத்துக்கொண்டு தனியாகச் செய்து காட்டும் அசைவுகளின் வரிசைதான் கட்டா என்பது உங்களுக்குத் தெரியும். கறுப்பு பெல்ட்டுக்கு நாம் வைப்பது சேசான் என்ற கட்டா. அதன் நடுவில், வலது கால் முன்னால் இருக்கும் ஒரு நிலையிலிருந்து இடது காலைத் தரையோடு இழுத்து முன்னால் வைக்கும் ஓர் அடியை நான் கற்பித்து வந்தேன். ஈரோட்டில் என் மாஸ்டர் அப்படித்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

ஒரு தடவை வகுப்பில் ஒருவர், "இந்த அடி எதுக்கு மாஸ்டர்? இதுல குத்தும் இல்ல, தடுப்பும் இல்லையே" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருந்தால் அன்றோடு போயிருக்கும். முப்பது முகங்கள் என்னைப் பார்த்தன. "ஒகினாவா மீனவர்கள் ஈரமான படகுப் பலகையில் வழுக்காமல் நடக்கப் பழகிய அடி இது" என்றேன். எங்கிருந்து வந்தது அந்த மீனவர் கதை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. எல்லோரும் சொக்கிப்போனார்கள். அதற்குப் பிறகு புதிதாக வருகிறவர்களுக்குப் பழைய மாணவர்களே அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஐந்தாறு முறை கேட்ட பிறகு நானே நம்பிவிட்டேன்.

1995-இல் சான்டா கிளாராவில் ஒரு சலவைக் கடைக்குப் பின்னால் ஒகினாவாக்காரர் ஒருவர் இதே முறையைக் கற்பிக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். எழுபதை நெருங்கிய மனிதர். பகலெல்லாம் சட்டைக்கு இஸ்திரி போடுவார், சாயங்காலம் பின்னறையில் பத்துப் பன்னிரண்டு பேருக்குப் பாடம் எடுப்பார். சென்செய், அதாவது ஆசிரியர் என்றுதான் எல்லோரும் அழைப்பார்கள். என் பள்ளியை அவரோடு இணைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டேன். சரி என்றார். ஆனால் வெளியிலிருந்து வந்தவன் என்பதால் இரண்டு வருடம் என்னை அடிப்படைகள் மட்டுமே செய்ய வைத்தார். சேசான் தெரியும் என்றேன். தலையை ஆட்டினார், செய்து காட்டச் சொல்லவில்லை. எனக்குக் கொஞ்சம் மானக்கேடாக இருந்தது.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. கடைசி இரண்டு கட்டாக்களை மூத்த மாணவர்களுக்கு எடுக்கும்போதெல்லாம் முதலில் இப்படிச் சொல்வார்: "இது என் ஆசிரியரிடம் கற்றது அல்ல. போரில் அவர் திரும்பி வரவில்லை. அவரிடம் எனக்கு முன்னால் படித்த ஒருவர் உயிரோடு இருந்தார், அமெரிக்க ராணுவ முகாமில் சமையல் வேலை செய்தார். அவரிடம் கற்றேன்." நூறு தடவை கேட்டவர்களுக்கும் இதையே சொல்வார். வயதானவர் புலம்புகிறார் என்று நான் நினைத்தேன். வகுப்பு முடிந்து காரை எடுக்கும் அவசரத்தில் பின்னறையிலிருந்து அது காதில் விழும், அவ்வளவுதான்.

1997 வசந்தத்தில் மல்லிகாவின் பெயரைத் தேர்வுக்குக் கொடுத்தேன். சென்செய் ஒப்புக்கொண்டு, "இனிமேல் நீ சனிக்கிழமை காலையில் மூத்தவர்களோடு வா" என்றார். முதல் சனிக்கிழமையே சேசான். முன்வரிசையில் இருந்தவர்களோடு சேர்ந்து நானும் செய்தேன். அந்த இடம் வந்தது. நான் காலை இழுத்து வைத்தேன். மற்ற எல்லோரும் பின்பக்கம் திரும்பி, ஒரு முழங்காலில் இறங்கி, முழங்கையால் அடித்து, எழுந்து மறுபடி முன்னால் திரும்பினார்கள். நான் மட்டும் அவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சென்செய் "மறுபடியும்" என்றார்.

வீட்டுக்கு வந்து ஈரோட்டுக்கு ஃபோன் செய்தேன். மாஸ்டர் எடுத்தார். நலம் விசாரித்துவிட்டு, சேசான் நடுவில் வருகிற அந்த இழுப்பு அடி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

"அட, அதா கண்ணு?" என்று சிரித்தார். "நான் படிச்சது பூராவும் ஒரு இங்கிலீஸ் புஸ்தகத்துலதான? மெட்ராசுல பழைய புஸ்தகக் கடையில வாங்குனது. அந்த எடத்துல ஒரு தாளு கிழிஞ்சு போச்சு. இந்தப் பக்கத்துல கடைசிப் படத்துல வலது காலு முன்னால நிக்குது. அடுத்த பக்கத்துல பாத்தா எடது காலு முன்னால நிக்குது. நடுவுல என்னன்னு எனக்கென்ன தெரியும்? ஒரு அடி இழுத்து வெச்சுச் சேத்திப்போட்டேன்."

"ஏனுங்க மாஸ்டர், எங்ககிட்டச் சொல்லவே இல்லைங்களே?"

"நீங்க ஆரும் கேக்கலையே கண்ணு. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்."

அவர் சொன்னது நிஜம். கேட்டவுடன் சொல்லிவிட்டார், அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை. கோபப்பட எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. ஃபோனை வைத்த பிறகு காலண்டரைப் பார்த்தேன். மல்லிகாவின் தேர்வுக்கு நான்கு வாரம் இருந்தது.

ஆஃபீஸில் என் வேலையே பிழையைக் கண்டுபிடித்து எழுதுவது. என்னுடைய சோதனையே தப்பு என்று தெரிந்தாலும் அன்றைக்கே அறிக்கை போய்விடும். யாரும் தலையில் குட்ட மாட்டார்கள், எனக்கும் வெட்கமாக இருக்காது. அதே மனிதன் வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு அந்தக் கூடத்துக்குள் நுழைந்தால் அவனுக்குத் தப்பே வரக் கூடாது. "மாஸ்டர்" என்று ஆறு வருடம் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்குள் ஏற்றியிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. எனக்கும் அது பிடித்திருந்தது.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் எல்லோரையும் உட்கார வைத்தேன். "இவ்வளவு நாளும் நான் உங்களுக்குக் கொடுத்தது வெளிக் கட்டா. இதற்கு உள்ளே இன்னொன்று இருக்கிறது. பக்குவம் வந்தவர்களுக்குத்தான் அதைத் திறந்து காட்டுவது வழக்கம். உங்களுக்கு அந்த நேரம் வந்துவிட்டது" என்றேன். நம் ஆட்களுக்கு இந்த மாதிரிப் பேச்சு எவ்வளவு பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். சித்த மருத்துவத்திலிருந்து சங்கீதம் வரை எல்லாவற்றிலும் ஒரு ரகசியம் இருந்தே ஆக வேண்டும் நமக்கு. கைதட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மல்லிகா மட்டும் கை தூக்கினார். "அப்போ அந்த இழுப்பு அடி, மாஸ்டர்? ஈரப் பலகை?"

"அது வெளிக் கட்டாவோட சரி."

ஒரு நொடி என்னைப் பார்த்தார். குனிந்து வணங்கிவிட்டு எழுந்து வரிசையில் நின்றார். அந்த ஒரு நொடியில் நான் எதையும் கவனிக்கவில்லை. கேள்வி முடிந்ததே என்ற நிம்மதி எனக்கு.

பிறகு நாலு வாரம் அவர் உழைத்த உழைப்பு இருக்கிறதே, அதை என்னால் எழுத முடியாது. ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு இடைவேளையில், வீட்டில் கராஜில், கூடத்துக்கு அரை மணி முன்னதாக வந்து. ஆறு வருடம் பழகின கால் நான்கு வாரத்தில் மாறாது என்பது எனக்குத் தெரியும். தேர்வைத் தள்ளிப் போட்டிருக்கலாம். தள்ளிப் போட்டால் சென்செய் ஏன் என்று கேட்பார். அதனால் போடவில்லை.

தேர்வு நாள் சனிக்கிழமை காலை. சலவைக் கடையின் பின்னறையில் நீராவி வாடை. மேஜைக்குப் பின்னால் சென்செய், அவரது மூத்த மாணவர் ஒருவர், மூன்றாவதாக நான். சுவரோரம் என் மாணவர்கள் இருபது பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேரும் தனித்தனியாக மதிப்பெண் தாள் எழுத வேண்டும். முடிவில் அந்தத் தாள்களைத் தேர்வுக்கு நின்றவரிடமே கொடுத்துவிடுவது அங்கே வழக்கம்.

மல்லிகா சேசானை ஆரம்பித்தார். நான் பார்த்ததிலேயே மிக நன்றாகச் செய்தார். அந்த இடம் வந்தது. இடது கால் தரையோடு இழுபட்டு முன்னால் வந்தது. வந்த பிறகு அவருக்கே தெரிந்துவிட்டது, உடம்பு லேசாக ஆடியது. சென்செய் கையை உயர்த்தினார். மல்லிகா அப்படியே நின்றார்.

அங்கே எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. தமிழில் சொல்கிறேன்.

"இந்த அடி எங்கிருந்து வந்தது?" என்றார் சென்செய்.

"என் தவறு, சென்செய். மறந்துவிட்டேன்."

"மறந்தால் கால் நிற்கும். உங்கள் கால் நிற்கவில்லை. அதற்கு இந்த அடி நன்றாகத் தெரிந்திருக்கிறது. யார் சொல்லிக் கொடுத்தது?"

மல்லிகா என் பக்கம் திரும்பவில்லை. நேராக அவரைப் பார்த்து, "யாரும் இல்லை. நானாகத் தவறாகப் பழகிக்கொண்டேன்" என்றார்.

சென்செய் கைகளை மேஜைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். முன்கடையில் இஸ்திரி இயந்திரம் ஒருமுறை சீறி அடங்கியது, மறுபடி சீறி அடங்கியது. அவ்வளவு நேரம் இருந்தது எனக்கு. எழுந்து, "நான்தான் சொல்லிக் கொடுத்தேன்" என்று சொல்ல அதில் பாதி நேரம் போதும். சுவரோரம் இருந்த இருபது பேரும் என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள் என்று தோன்றியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பேனாவை எடுத்து என் தாளில் எழுதினேன்: "கால் வைப்பு தவறு. பயிற்சி போதவில்லை."

மல்லிகா தேறவில்லை.

பார்க்கிங்கில் அவருடைய வேனுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். மூன்று தாள்களும் அவர் கையில் இருந்தன. "பரவாயில்ல மல்லிகா. சின்ன ஸ்லிப்தான். அடுத்த டெஸ்ட்ல பாத்துக்கலாம்" என்றேன்.

"ஸ்லிப் இல்ல மாஸ்டர்." அவர் குரல் உயரவில்லை. "உள் கட்டான்னு ஒண்ணும் இல்லன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். அப்படி ஒண்ணு முன்னாடியே உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா, எங்களோட சேந்து நீங்களும் தடுமாறி இருக்க மாட்டீங்க. நீங்களும் புதுசாத்தான் கத்துக்கிட்டு இருந்தீங்க."

அவர் வேன் கதவைத் திறந்தார்.

"என்னிக்காவது சொல்லுவீங்கன்னு வெயிட் பண்ணேன். இன்னிக்கு அவர் ரெண்டாவது தடவை கேட்டப்போகூட வெயிட் பண்ணேன். அத்தனை பேர் முன்னாடி உங்களைக் காட்டிக் கொடுக்க எனக்கு மனசு வரல. நீங்க பேசாம இருந்திருந்தாக்கூடப் புரிஞ்சிருக்கும், பயந்துட்டீங்கன்னு." என் தாளை மேலே எடுத்தார். "பயிற்சி போதவில்லைன்னு எழுதி இருக்கீங்க. ஆறு வருஷம் மாஸ்டர். எப்படி மனசு வந்துச்சு?"

வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இளையவர்களே, பலபேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள், வேலையிலும் வீட்டிலும். அவை எல்லாம் மறந்துபோயின. இது மறக்கவில்லை. நான் அழுதேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

திங்கட்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டு சலவைக் கடைக்குப் போனேன். சென்செய் ஒரு சட்டையின் காலருக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஈரோடு, புத்தகம், கிழிந்த தாள், மீனவர் கதை, உள் கட்டா எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இஸ்திரியை நிறுத்தவில்லை.

"புத்தகம் என்று எனக்கு முதல் நாளே தெரியும்" என்றார். "நீ ஒவ்வொரு அசைவுக்குப் பிறகும் கொஞ்சம் நின்றுவிடுகிறாய், ஃபோட்டோ எடுப்பதற்கு நிற்கிற மாதிரி. படத்தைப் பார்த்துக் கற்றவர்கள் அப்படித்தான் நிற்பார்கள். அது குற்றமில்லை. நீயாக வந்து சொல்வாய் என்று இரண்டு வருடம் பார்த்தேன். தேர்வு அன்றைக்கு நான் அந்த அம்மாவைக் கேட்கவில்லை. மேஜையில் உட்கார்ந்திருந்தவனைக் கேட்டேன்."

"தெரிந்தும் ஏன் அவரைத் தேர்வுக்கு நிற்க விட்டீர்கள்?"

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "அது நான் செய்த தவறு. உன்னைச் சோதிக்க அவரைப் பயன்படுத்திவிட்டேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதிவிட்டேன்."

இடுப்பில் இருந்து கழற்றிப் பையில் கொண்டுவந்திருந்த கறுப்பு பெல்ட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "நான் கொடுக்காத பெல்ட்டை நான் எப்படி வாங்கிக்கொள்வது?" என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டையை விரித்தார். சற்றுக் கழித்து, "என் ஆசிரியருக்கும் எனக்கும் நடுவிலும் தாள் கிழிந்துதான் இருக்கிறது. நான் அதை ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறேன். நீ காரை எடுக்கப் போய்விடுகிறாய்" என்றார்.

பரம்பரை என்றால் இடையில் அறுபடாமல் வருவது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தத் தீவில் 1945-இல் நடந்த போருக்குப் பிறகு எதுதான் அறுபடாமல் வந்திருக்க முடியும்? எங்கே அறுந்தது, யார் முடிச்சுப் போட்டார் என்பதைச் சொல்லிச் சொல்லித்தான் அவர்கள் அதைக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை வெள்ளை பெல்ட் கட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். நின்றுகொண்டே சொன்னேன். மீனவர்கள் இல்லை, படகு இல்லை, உள் கட்டா இல்லை, கிழிந்த ஒரு தாள் மட்டும்தான் என்றேன்.  பிறகு ஒரு தகப்பனார் எழுந்து, "அப்போ எங்க பசங்க இத்தனை வருஷம் கத்துக்கிட்டது எது நிஜம், எது உங்க கற்பனைன்னு நாங்க எப்படி சார் தெரிஞ்சுக்கறது?" என்று கேட்டார். அதுவரை அவர் என்னை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். "எனக்கே முழுசாத் தெரியாது. சென்செய்கிட்ட ஒவ்வொண்ணாக் காட்டித் திருத்திக்கணும்" என்றேன். அந்த மாதத்தோடு பாதிப்பேர் நின்றுவிட்டார்கள். எதுவும் சொல்லாமல் கண்டவுடன் பாதை மாறிப் போனவர்கள்தான் அதிகம்.

மல்லிகா வரவில்லை. மூன்றாவது வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்களாமே."

"சொல்லிட்டேன்."

"சென்செய்கிட்ட?"

"அவர்கிட்டதான் முதல்ல சொன்னேன்."

"என் ஷீட்ல எழுதினதை?"

காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. பழைய மாஸ்டர் செய்ததைச் சொல்லிவிட்டேன். அறியாமல் நான் செய்ததைச் சொல்லிவிட்டேன். கதை கட்டியதையும் சொல்லிவிட்டேன், அதற்குக்கூட ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். என் தப்புக்கு இன்னொருவரைக் குற்றவாளியாக்கி என் கையாலேயே எழுதியதை மட்டும் பத்திரமாக வைத்திருந்தேன்.

"அதையும் சொல்லுங்க மாஸ்டர். அதுதான் எனக்கு வலிச்சுது. சொன்னீங்கன்னா நான் வரேன்."

வியாழக்கிழமை சொன்னேன். முதல் தடவை சொன்னதைவிட இது கஷ்டமாக இருந்தது. அத்தனைக்கும் அன்றைக்குக் கூடத்தில் பதினாறு பேர்தான். அடுத்த செவ்வாய்க்கிழமை மல்லிகா வந்தார். வரிசையில் மூத்தவர்கள் வலது கோடியில் நிற்பார்கள். வெள்ளை பெல்ட்டோடு நான் இடது கோடியில் நின்றேன். அன்றைய பாடத்தைச் சலவைக் கடையிலிருந்து வந்த மூத்த மாணவர் எடுத்தார். திரும்புவது, முழங்காலில் இறங்குவது, முழங்கையால் அடிப்பது, எழுவது. மல்லிகாவும் நானும் ஒரே பாடத்தைப் பக்கத்துப் பக்கத்தில் கற்றுக்கொண்டோம். என் கால்தான் அதிகம் முரண்டு பிடித்தது.

இலையுதிர் காலத்தில் மறுபடி தேர்வு. இந்தத் தடவை நான் மேஜையில் இல்லை, சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தேன். மல்லிகா சேசானை முழுதாகச் செய்தார். அந்த இடத்தில் முழங்கால் தரையைத் தொட்ட சத்தம் கேட்டது. சென்செய் எழுந்து வந்து தன் கையாலேயே பெல்ட்டைக் கட்டிவிட்டார்.

பிறகு துணி அட்டை போட்ட ஒரு பழைய நோட்டைக் கொண்டுவந்தார்கள். கறுப்பு பெல்ட் வாங்குகிறவர்கள் அதில் தங்கள் பெயரையும், பக்கத்தில் கற்றுக்கொடுத்தவர் பெயரையும் சொந்தக் கையெழுத்தில் எழுத வேண்டும். மல்லிகா தன் பெயரை எழுதினார். பேனா நின்றது. நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்து, எல்லோரும் பார்க்க, நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்து எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"இங்க என்ன எழுதட்டும் மாஸ்டர்?"

என் பெயர் அந்த இடத்தில் வர வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். மறுபடியும் இருபது முகங்கள் என்னைப் பார்த்தன. இந்தத் தடவை உடனே சொன்னேன். "என் பேர் வேண்டாம் மல்லிகா. சென்செய் பேரை எழுதுங்க. அதுதான் சரி."

அவர் மறுத்துத் தலையை அசைத்தார். "ஆறு வருஷம் நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? உங்க பேரை விட்டுட்டா அதுவும் பொய்தான்." அங்கேயே என் முன்னாலேயே நோட்டைத் தரையில் வைத்து எழுத ஆரம்பித்தார். மற்றவர்கள் ஒரு பெயர் எழுதிய இடத்தில் அவருக்கு மூன்று வரி தேவைப்பட்டது. முதலில் என் பெயர், ஆறு வருடம் கற்பித்தார் என்று. அடுத்து, சேசானில் ஓரிடம் தவறாகக் கற்பித்தார், சென்செய் திருத்தினார் என்று. மூன்றாவது வரியில், "தவறை அவரே சொன்னார், தாமதமாக." எழுதி முடித்து என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

பெண்கள் வகுப்பு அடுத்த மாதமே தொடங்கியது. அந்தப் பதினோரு பேரில் இரண்டு பேர் இன்று உங்கள் ஆசிரியர்கள். அந்த நோட்டு அதே அட்டையோடு சலவைக் கடையின் பின்னறையிலேயே இருக்கிறது, போனால் காட்டுவார்கள். அன்று அதைப் படித்தபோது, கடைசிச் சொல் இல்லாமல் அந்த வரியை முடித்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. கேட்கலாமா என்றுகூட வாயெடுத்தேன். பிறகு குனிந்து அவரை வணங்கிவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், அந்தச் சொல் அங்கே இருக்கத்தான் வேண்டும்.